சம்பளம் யாருடையது? ஆரெகன் பள்ளி ஆசிரியை ஒருவரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள ஆரெகன் மாநிலத்தில் அபிகெய்ல் ஸ்காட் டனிவேயைப் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர் என்றுதான் அறிவார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மேடை மேடையாகப் பேசியவர், பதினாறு ஆண்டுகள் ஒரு வாரப் பத்திரிகையை நடத்தியவர். அந்தப் போராட்டக் கதையை இங்கே தேவையான அளவு மட்டும் தொடுகிறேன். எனக்கு அக்கறை அதற்கு முந்தைய காலத்தில்: குடியேறிக் குடும்பத்துப் பெண்ணான இவர் சின்ன ஊர்களில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்த ஆண்டுகளில்.

இவர் இரண்டு கட்டங்களில் ஆசிரியையாக இருந்தார். முதலில் 1853-இல், 18 வயதில், மணமாகாத பெண்ணாக. அடுத்து 1862-க்குப் பிறகு, நான்கு குழந்தைகளின் தாயாக. வேலை அதேதான், வில்லமெட் ஆற்றுப் பள்ளத்தாக்கும் அதேதான். ஆனால் சட்டத்தின் கணக்கில் இவர் வேறு ஆளாகிவிட்டிருந்தார். யாராவது திட்டமிட்டு ஏற்பாடு செய்திருந்தால்கூட இவ்வளவு தெளிவான ஒப்பீடு அமைந்திருக்காது. ஆய்வுக்கு இவரை எடுத்துக்கொள்ள அதுவே காரணம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேற்குப் பகுதிப் பள்ளி ஆசிரியை என்றால் மர வீடு, கையில் மணி, கனிவான முகம், தியாகம் என்று ஒரு படம் பலர் மனத்தில் இருக்கிறது. ஆசிரியப் பணி அறப்பணி என்று சொல்லி வளர்ந்த நமக்கும் அந்தப் படம் பிடித்துப்போகும். டனிவேயின் வாழ்க்கை அந்தப் படத்துக்குள் அடங்கவில்லை. அவருக்குப் பள்ளிக்கூடம் ஒரு பிழைப்பு. வேறு நல்ல பிழைப்பு கிடைத்ததும் விட்டுவிட்டார். இதைக் குறையாக நான் சொல்லவில்லை.

வண்டிப் பாதை

1834 அக்டோபர் 22 அன்று இலினாய் மாநிலத்தின் டாஸ்வெல் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது), க்ரோவ்லண்ட் என்ற ஊருக்கு அருகே பிறந்தவர் அபிகெய்ல் ஜேன் ஸ்காட். தந்தை ஜான் டக்கர் ஸ்காட், தாய் ஆன். தாய்க்குப் பன்னிரண்டு பிரசவங்கள், பிழைத்தவை ஒன்பது. பின்னொரு பெண் குழந்தை பிறந்தபோது, ஐயோ பாவம், இதுவும் ஒரு நாள் பெண்ணாகத்தானே வாழ வேண்டும் என்று தாய் கண்ணீர் விட்டதைத் தன் முதிய வயதிலும் அபிகெய்ல் மறக்கவில்லை. பண்ணை வேலைக்கு நடுவே பள்ளிக்கூடம் போனது எல்லாம் சேர்த்துக் கூட்டினாலும் ஓராண்டு தேறாது. மற்றதெல்லாம் வீட்டில், கைக்குக் கிடைத்ததைப் படித்ததுதான்.

1852 வசந்தத்தில் தந்தை பண்ணையை விற்றுவிட்டு, உடல் நலிந்த மனைவியையும் ஒன்பது பிள்ளைகளையும் மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு மேற்கே கிளம்பினார். தாய்க்கு இதில் விருப்பம் இல்லை. ஆரெகன் பாதை ஏறத்தாழ 2,400 மைல். நடையும் வண்டியுமாக ஆறு மாதம். தந்தை பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை கொடுத்தார். 17 வயது அபிகெய்லுக்கு வந்தது பயண நாட்குறிப்பு எழுதும் வேலை. அன்று கடந்த மைல், தண்ணீர் இருந்ததா, புல் இருந்ததா, வழியில் பார்த்த புதைகுழிகள் எத்தனை என்று எழுதினார். அந்த ஆண்டு அந்தப் பாதை நெடுகக் காலரா. ஜூன் 20 அன்று, இன்றைய வயோமிங்கில், லாரமி கோட்டையைத் தாண்டிய பிறகு தாய் அதற்கு இரையானார். ஆகஸ்ட் இறுதியில், ஆரெகனுக்குள் நுழைந்துவிட்ட நிலையில், பர்ன்ட் ஆற்றங்கரையில் சின்னத் தம்பி வில்லி இறந்தான். செப்டம்பர் கடைசியில் குடும்பம் வில்லமெட் பள்ளத்தாக்கை அடைந்தது.

அவர்கள் வந்து இறங்கியது வெறும் நிலத்தில் அல்ல. கலபுயா மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பள்ளத்தாக்கு அது. 1855-இல் ஓர் ஒப்பந்தத்தின் பேரில் அந்த நிலம் கைமாறியது; மறு ஆண்டு கலபுயாக்களைக் கிராண்ட் ரோண்ட் என்ற ஒதுக்கிடத்துக்குக் கொண்டுபோனார்கள். குடியேறிகளின் உரிமைகளைப் பற்றி எழுதும்போது இதை ஒரு வரியிலாவது சொல்லாமல் மேலே போக முடியாது.

அந்த நிலத்தைப் பங்கு போட்ட சட்டத்தில் ஒரு விசித்திரம் இருந்தது. 1850-ஆம் ஆண்டின் நிலக்கொடைச் சட்டம், அந்த ஆண்டு டிசம்பருக்கு முன்பே ஆரெகனில் இருந்த மணமாகாத வெள்ளை ஆணுக்கு 320 ஏக்கர் கொடுத்தது. மணமானவர் என்றால் 640. அதில் பாதி மனைவியின் பெயரில், மனைவியின் சொந்த உரிமையாக. பிந்தி வந்தவர்களுக்கு இதில் பாதி. அந்தக் காலத்துக்கு இது பெரிய காரியம். ஆனால் விளைவு என்ன? மனைவி என்றால் கூடுதல் நிலம் என்று ஆகிவிட்டதால் பதின்மூன்று, பதினான்கு வயதுச் சிறுமிகளைக்கூடத் தேடி வந்து மணந்துகொண்டார்கள். பெண்ணுக்குச் சொத்துக் கொடுத்த சட்டமே பெண்ணைப் படிப்பு முடியும் முன் அடுப்படிக்குத் துரத்தியது. 1855-இல் இச்சட்டம் காலாவதியானது.

முதல் பள்ளிக்கூடம்

அபிகெய்ல் முதலில் பாடம் சொல்லிக்கொடுத்தது போக் கவுண்டியில் உள்ள ஈயோலாவில். அன்று அந்த ஊரின் பெயர் சின்சினாட்டி. ஓராண்டுகூடப் பள்ளிக்கூடம் போகாதவர் எப்படி ஆசிரியையானார் என்று வியக்க வேண்டியதில்லை. எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் தெரிந்து, வேறு கட்டாய வேலை இல்லாமல் இருப்பவர் யாரோ அவரே ஆசிரியர். அப்படிப்பட்ட ஆண்களைத் தங்கச் சுரங்கமும் நிலமும் இழுத்துக்கொண்டன. மிஞ்சியவர்கள் மணமாகாத பெண்கள்.

கிழக்கிலிருந்தும் ஆசிரியைகளை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 1847-இல் தொடங்கிய தேசிய மக்கள் கல்வி வாரியம், கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்டில் ஆறு வாரப் பயிற்சி கொடுத்து, பத்தாண்டுக்குச் சற்றுக் கூடிய காலத்தில் ஏறத்தாழ 600 பெண்களை மேற்குப் பகுதிகளுக்கு அனுப்பியது. அவர்களில் ஐந்து பேர் 1851-இல் ஆரெகனுக்கு வந்தார்கள். அவர்களுக்குப் பயிற்சி இருந்தது, பின்னால் ஓர் அமைப்பு இருந்தது. குடியேறிக் குடும்பத்துப் பெண்ணுக்கு அந்த இரண்டும் இல்லை. ஊர்க்காரர்கள் ஒப்புக்கொண்டால் பள்ளி. பெற்றோர் தலைக்கு இவ்வளவு என்று பருவக் கட்டணம் கட்டினால் சம்பளம். ஐந்து வயதுக் குழந்தையும் மீசை முளைத்த பையனும் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பார்கள். சிலேட்டும் எழுத்துக்கூட்டல் புத்தகமும்தான் பாதிப் பாடத்திட்டம்.

இந்தக் கட்டத்தில் என் கவனத்தைப் பிடித்து நிறுத்துவது ஒரு சின்ன விவரம்தான்: சம்பளம் அவருடையது. மணமாகாத பெண்ணின் உழைப்புக்கு வந்த பணத்தில் சட்டப்படி வேறு யாருக்கும் பங்கில்லை. இது சில மாதங்களே நீடித்தது. 1853 ஆகஸ்ட் தொடக்கத்தில் பெஞ்சமின் டனிவே என்ற இளம் பண்ணையாளரை மணந்தார். கீழ்ப்படிவேன் என்ற சொல்லைத் திருமண உறுதிமொழியிலிருந்து நீக்கச் சொன்னாராம். சொல் நீங்கியது, சட்டம் நீங்கவில்லை.

வாத்தும் புரோநோட்டும்

அடுத்த ஒன்பது ஆண்டுகள் பண்ணை. முதலில் கிளாக்கமஸ் கவுண்டியில், பிறகு 1857 முதல் யாம்ஹில் கவுண்டியின் லாஃபயெட் ஊருக்கு அருகே. 1854-இல் மகள் கிளாரா பெல், பிறகு வரிசையாக மகன்கள். அந்த வாழ்க்கையைப் பற்றி அவர் முதுமையில் எழுதிய நினைவுக் குறிப்பில் ஒரு நீண்ட மூச்சு வாக்கியம் இருக்கிறது. இரண்டரை ஆண்டில் இரண்டு பிள்ளை பெற்று, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பவுண்டு வெண்ணெய் கடைந்து சந்தைக்கு அனுப்பி, தைத்து, சமைத்து, துவைத்து, தேய்த்து, வீட்டுக்கு வந்து போகிற விருந்தாளிகளுக்கு இலவச ஓட்டல் நடத்தி, கையில் ஒரு காசும் சொந்தமில்லாமல் இருப்பது, ஒரு காலத்தில் சம்பளம் வாங்கிய பள்ளி ஆசிரியைக்கு இனிமையாக இல்லை என்கிறார். அவருடைய வெண்ணெயும் முட்டையும் கோழியும் மளிகைக்கும் வரிக்கும் குதிரை லாடத்துக்கும் கலப்பை தீட்டுவதற்கும் போயின. ஆசிரியையாக இருந்தபோது வாங்கிய சம்பளம் அப்படிப் போகவில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுகிறார்.

இந்த ஆய்வுக்கு இதைவிட முக்கியமான சான்று இல்லை. பண்ணை வேலை கடினம் என்று புலம்பியவர்கள் ஏராளம். டனிவே புலம்புவது கடினத்தைப் பற்றி அல்ல, கணக்கைப் பற்றி. முன்பு ஒருமுறை சம்பளம் வாங்கியிருந்ததால்தான் அவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் இருந்தது. அம்மாவுக்கு அது இருந்ததில்லை. அம்மா அழுதார், மகள் கூட்டிப் பார்த்தார்.

பிறகு வந்தது அந்த நாள். கணவரின் நண்பர் ஒருவர் தான் வாங்கும் கடனுக்கு ஜாமீன் கேட்டு வீட்டுக்கு வந்தார். பெஞ்சமின் நல்ல மனிதர், மறுக்கத் தெரியாதவர். அவர் உட்கார்ந்து புரோநோட்டுகளில் ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் அபிகெய்ல் வாத்துக்கு இறகு பிடுங்கிக்கொண்டிருக்கிறார். இந்தக் கடன் நம் தலையில் விழுந்தால் குடும்பம் முழுகிவிடும் என்று திடீரென்று உறைக்கிறது. கணவரின் தோளுக்கு மேலாகக் குனிந்து, என்ன செய்கிறோம் என்று நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்கிறார். வந்தவர் முறைக்கிறார். கணவர் கடைசி நோட்டிலும் கையெழுத்திட்டுக்கொண்டே, நீ கவலைப்படாதே, உனக்கு எப்போதும் பாதுகாப்பு உண்டு என்கிறார். கிடைக்கிற பாதுகாப்பை எல்லாம் நானே உழைத்துத்தான் சம்பாதிப்பேன் என்று சொல்ல வாய் வரை வந்ததாம். உதட்டைக் கடித்துக்கொண்டார்.

இந்தக் காட்சி ஐம்பது ஆண்டுகள் கழித்து, ஆயிரம் மேடைகளைக் கண்ட ஒரு பேச்சாளரின் நினைவிலிருந்து வருவது. உரையாடல் இவ்வளவு கச்சிதமாக நடந்திருக்குமா என்று சந்தேகப்படலாம், நானும் சந்தேகப்படுகிறேன். ஆனால் புரோநோட்டும் அதன் விளைவும் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவை. 1861 டிசம்பரில் வில்லமெட்டில் பெருவெள்ளம் வந்து, கரையோரத்து ஷாம்பூயெக் ஊரையே அடித்துக்கொண்டு போனது. பள்ளத்தாக்கில் யாரிடமும் பணம் புரளாத காலம். கடன் வாங்கியவர் கட்டவில்லை. வட்டிக்கு வட்டி ஏறியது. ஜாமீன் கொடுத்தவரைத் தேடிக் கவுண்டியின் காவல் அதிகாரியான ஷெரிஃப் வந்தார். பெஞ்சமின் வீட்டில் இல்லை. சம்மனை அபிகெய்லிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தச் சம்மனில்தான் டனிவே சட்டம் படித்தார் என்பேன். கடன் உண்டானபோது அவருக்குக் குரல் இல்லை, சட்டப்படி அவர் ஆளே இல்லை. தண்டனை வந்தபோது கணவரின் சட்டப் பிரதிநிதியாகிவிட்டார். இந்த முரணை அவரே பின்னாளில் சுட்டிக்காட்டினார். 1862-இல் பண்ணை போயிற்று. போதாக்குறைக்கு மிரண்டோடிய குதிரை வண்டியில் சிக்கிக் கணவர் கடுமையான உடலுழைப்புக்கு லாயக்கற்றவரானார். வீட்டில் நான்கு பிள்ளைகள். கடைசி மகனுக்கு ஒரு வயதைச் சுற்றி.

லாஃபயெட், அதிகாலை மூன்று மணி

லாஃபயெட் அன்று யாம்ஹில் கவுண்டியின் தலைநகர். யாம்ஹில் ஆற்றின் மேல், நீதிமன்றமும் வக்கீல்களும் கடைகளும் உள்ள ஊர். நீதிமன்றம் இருக்கும் ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு மதிப்பு இருக்கும். சுற்றுப் பண்ணைகளில் உள்ளவர்கள் பெண் பிள்ளைகளை அங்கே தங்கவைத்துப் படிக்க அனுப்ப யோசிப்பார்கள். டனிவே ஊருக்குள் குடிபுகுந்து, மாணவிகளைத் தங்கவைத்துக்கொள்ளும் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்.

கோடையில் அதிகாலை மூன்று மணிக்கும் குளிர்காலத்தில் நான்கு மணிக்கும் எழுந்தார். பள்ளி மணி அடிக்கும் முன் ஒரு முழு நாளின் வீட்டு வேலை முடிந்திருக்க வேண்டும். தங்கிப் படிக்கும் பெண்களுக்குச் சாப்பாடு, சொந்தப் பிள்ளைகள், துணிமணி எல்லாம். பிறகு வகுப்பு. வகுப்பு முடிந்ததும் மறுபடி வீடு. இதைத் தியாகம் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். நான் வேறு விதமாகப் படிக்கிறேன். தலைக்கு இவ்வளவு கட்டணம் என்ற பள்ளி வருமானம் மட்டும் ஒரு குடும்பத்துக்குப் போதாது. தங்குமிடமும் சாப்பாடும் சேர்த்தால் வருமானம் இரண்டு வழியாக வரும். பண்ணையில் ஒன்பது ஆண்டுகள் காசு கிடைக்காமல் செய்த அதே சமையலுக்கும் துவையலுக்கும் லாஃபயெட்டில் ஒரு விலை போட்டார். விருந்தாளிகளுக்கு நடத்திய இலவச ஓட்டல் கட்டண ஓட்டலாயிற்று. அதோடு ஒரு வகுப்பறையும் சேர்ந்தது.

இதே ஆண்டுகளில் குடும்பத்தின் இன்னொரு பிள்ளையின் கதையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தம்பி ஹார்வி ஸ்காட், அக்காவுடன் அதே வண்டியில் வந்தவர், ஃபாரஸ்ட் க்ரோவில் உள்ள பசிஃபிக் பல்கலைக்கழகத்தில் படித்து 1863-இல் அதன் முதல் பட்டதாரியானார். அவரும் கஷ்டப்பட்டு, கூலி வேலை செய்து படித்தவர்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் தம்பி பட்டம் வாங்கிய ஆண்டில், ஓராண்டுப் படிப்புக்கூட இல்லாத அக்கா அடுத்த கவுண்டியில் மூன்று மணிக்கு எழுந்து பிறர் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். பிற்காலத்தில் ஹார்வி போர்ட்லண்டின் பெரிய நாளிதழான ஆரெகோனியனின் ஆசிரியராகி, பெண்கள் வாக்குரிமையை எதிர்த்து எழுதினார். குடும்ப விருந்துகளில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கற்பனை செய்து பார்க்கலாம்.

சட்டத்தில் ஓர் ஓட்டை

இப்போது ஒப்பீட்டுக்கு வருகிறேன். 1853-இல் சம்பளம் ஆசிரியையுடையது. 1862-இல்?

ஆரெகன் 1859-இல் மாநிலமானது. அதன் அரசியல் சட்டத்தில் மணமான பெண்களுக்காக ஒரு பிரிவு இருந்தது: திருமணத்தின்போது அவளிடம் இருந்த சொத்தும், பிறகு கொடையாகவோ உயில் வழியாகவோ வாரிசுரிமையாகவோ வந்த சொத்தும் கணவனின் கடனுக்குப் பொறுப்பாகாது. முதல் வாசிப்பில் தாராளமாகத் தெரியும். இரண்டாம் வாசிப்பில் எது இல்லை என்று தெரியும். கொடை உண்டு, உயில் உண்டு, வாரிசு உண்டு, உழைப்பு இல்லை. அப்பா விட்டுச்சென்ற பசு அவளுடையது. அவள் கடைந்த வெண்ணெய் அவளுடையது அல்ல. இங்கிலாந்திலிருந்து வந்த பொதுச்சட்ட மரபில் மனைவியின் கூலி கணவனுக்குச் சொந்தம். ஆகவே கணவனின் கடன்காரர்களுக்கும் அதில் கண் விழலாம்.

பணக்கார வீட்டுப் பெண்ணுக்கு இந்தப் பிரிவு பயன்பட்டிருக்கும். சட்டம் எழுதியவர்கள் தங்கள் மகள்களை நினைத்து எழுதினார்கள். வெண்ணெய் கடைபவளையும் பள்ளி ஆசிரியையையும் நினைக்கவில்லை. லாஃபயெட் பள்ளிக்கூட வருமானம் நடைமுறையில் டனிவேயின் கையில் இருந்தது. அதற்குக் காரணம் கணவரின் நல்ல குணம். சட்டம் அல்ல. பெஞ்சமின் மனைவியை மதித்தவர், கடைசி வரை துணை நின்றவர். நல்ல கணவன் அமைந்தால்தான் சம்பளம் கைக்கு வரும் என்ற நிலைதான் இங்கே ஆராய வேண்டிய நோய்.

மேற்குப் பகுதியில் பெண்களுக்கு அதிகச் சுதந்திரம் இருந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். உழைக்கும் சுதந்திரம் நிச்சயமாக இருந்தது.

பள்ளியிலிருந்து தொப்பிக் கடைக்கு

1860-களின் நடுவில் குடும்பம் தெற்கே ஆல்பனிக்கு இடம்பெயர்ந்தது. அங்கும் டனிவே கொஞ்ச காலம் பள்ளி நடத்தினார். பிறகு அதை விட்டுவிட்டு, பெண்களுக்கான தொப்பி, ரிப்பன், சில்லறைச் சாமான்கள் விற்கும் கடையைத் திறந்தார். கையில் 30 டாலருடன் போர்ட்லண்டுக்குப் போய் ஜேக்கப் மேயர் என்ற மொத்த வியாபாரியைப் பார்த்தார். அவர் இவரை எடைபோட்டுப் பார்த்து, 1,200 டாலர் சரக்கைக் கடனாகக் கொடுத்து அனுப்பினார். சில வாரங்களிலேயே கடனை அடைத்தார் டனிவே. கடனால் அழிந்த குடும்பம் கடனாலேயே நிமிர்ந்தது. இந்த முறை கணக்கைப் பார்த்தவர் வேறு ஆள்.

வகுப்பறையில் அவருக்குக் கிடைக்காத ஒன்று கடையில் கிடைத்தது: பெரிய பெண்களின் பேச்சு. பண்ணைக்காரர் ஒருவரின் மனைவி வந்தார். மகள்கள் மழையில் நனையாமல் பள்ளிக்குப் போக அங்கி வாங்க வெண்ணெய்க் காசைச் சேர்த்து வைத்திருந்தார். கணவர் அதை எடுத்துப் பந்தயக் குதிரை வாங்கிவிட்டார். இன்னொரு பெண்ணின் கணவர் வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டுப் பிள்ளைகளோடு அவளைக் கைவிட்டுப் போனார். அவள் கடன் வாங்கி, வீட்டில் ஆட்களைத் தங்கவைத்துப் பிழைக்கத் தொடங்கியதும் கணவர் திரும்பி வந்தார். மனைவி போட்ட ஒப்பந்தம் செல்லாது என்றார். சட்டம் அவர் பக்கம் நின்றது.

இப்படி ஒரு நாள் மனம் வெதும்பி வீட்டுக்கு வந்து கொட்டித் தீர்த்தபோது, வாக்குரிமை கிடைக்கும் வரை பெண்கள் நிலைமை மாறாது என்று சொன்னவர் கணவர் பெஞ்சமின்தான். வாத்துக் காட்சியில் அசட்டையாகக் கையெழுத்திட்டவரும் அவரே. ஒரே மனிதருக்குள் இரண்டும் இருந்தன.

பிறகு நடந்தவை பலரும் எழுதியவை, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1871-இல் போர்ட்லண்டுக்குக் குடிபெயர்ந்து மே 5 அன்று நியூ நார்த்வெஸ்ட் என்ற வார இதழைத் தொடங்கினார். அதே ஆண்டு, பெண்கள் வாக்குரிமை இயக்கத்தின் தேசியத் தலைவர்களில் ஒருவரான சூசன் பி. ஆண்டனியை அழைத்துவந்து ஆரெகனிலும் அதற்கு வடக்கே உள்ள வாஷிங்டன் பிரதேசத்திலும் ஊர் ஊராகப் பேசவைத்தார். 1872 நவம்பரில் வேறு மூன்று பெண்களுடன் போர்ட்லண்டில் வாக்களிக்கப் போனார். அவர்களில் மேரி பீட்டி ஒரு கறுப்பினப் பெண். சீட்டுகளை வாங்கிய அதிகாரி அவற்றைப் பெட்டிக்குள் போடாமல் பெட்டிக்கு அடியில் வைத்தார். 1879-இல் தெற்கே ஜாக்சன்வில்லில் முட்டை வீச்சு வாங்கினார்.

எனக்கு முக்கியமாகத் தெரிவது நடுவே வந்த இரண்டு சட்டங்கள். 1872-இல் ஆரெகன் சட்டமன்றம், தனித் தொழில் செய்யும் மணமான பெண் கவுண்டி அலுவலகத்தில் பதிவு செய்துகொண்டால் அவளுடைய கருவிகளையும் சரக்கையும் கணவனின் கடன்காரர்கள் தொட முடியாது என்றது. 1878-இல் மணமான பெண்களின் சொத்துரிமைச் சட்டம் வந்தது. பத்தாண்டுகள் முன்னால் வந்திருந்தால் லாஃபயெட் ஆசிரியைக்கு உதவியிருக்கும். டனிவேயின் எழுத்துகளைப் படிக்கும்போது, மற்றப் பேச்சாளர்கள் உரிமை, நீதி என்று பேசும் இடத்தில் இவர் அடிக்கடி பசுவுக்கும் வெண்ணெய்க்கும் நோட்டுக்கும் இறங்கிவருவதைக் காணலாம். அது பேச்சுத் தந்திரம் மட்டும் அல்ல. அவர் அந்த வழியாகத்தான் இங்கே வந்தார்.

மதுவிலக்கு இயக்கத்தோடு வாக்குரிமையை முடிச்சுப்போடுவதை அவர் விடாமல் எதிர்த்ததும் இதன் தொடர்ச்சிதான் என்று நினைக்கிறேன். மதுவிலக்குக் கோரிய பெண்கள் ஆண்களைத் திருத்த வாக்குக் கேட்டார்கள். இவர் தன் கணக்கைத் தானே பார்க்க வாக்குக் கேட்டார். அதற்காகச் சக போராளிகளிடம் நிறையப் பகை சம்பாதித்தார். வளைந்து கொடுப்பவர் அல்லர், சண்டைக்காரர்.

1884, 1900, 1906, 1908, 1910 என்று ஐந்து முறை ஆரெகன் ஆண்கள் பெண்களின் வாக்குரிமையைத் தோற்கடித்தார்கள். அதற்குள் மகள் கிளாரா 1886-இல் காசநோயால் இறந்தார். கணவர் 1896-இல் காலமானார். மகன்களில் ஒருவரான கிளைட் பின்னாளில் மொன்டானா பல்கலைக்கழகத்தின் தலைவரானார். 1912 நவம்பரில், ஆறாவது முறை, நாலாயிரத்துச் சொச்சம் வாக்குகள் வித்தியாசத்தில் பெண்கள் வென்றார்கள். எல்லாப் பெண்களும் அல்ல: சீனாவிலிருந்து குடிவந்தவர்களுக்குக் கூட்டாட்சிச் சட்டப்படி குடியுரிமையே கிடையாது, பூர்வகுடிப் பெண்களில் பெரும்பாலோர் 1924 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கலபுயாக்களின் பேத்திகளும் அவர்களில் அடக்கம்.

முடிவு வந்ததும் ஆளுநர் ஆஸ்வால்ட் வெஸ்ட், அறிவிப்பை டனிவேயே எழுதித் தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அப்போது அவருக்கு 78 வயது, உடல் நலிந்திருந்தது. தன் கையாலேயே எழுதினார். 1912 நவம்பர் 30 அன்று ஆளுநர் அதில் கையெழுத்திட்டார். பக்கத்தில் டனிவேயும் கையெழுத்திட்டார்.